கட்டம் இல்லாத கணக்கு

நவம்பர். கடைசித் தாதுக் கப்பல்
சுப்பீரியர் ஏரியில் ஊதிவிட்டுப் போகிறது.
ஆட்டங்கள் முடிந்து ஆறு வாரம்.
ஹெய்க்கியின் மதுக்கடையில் மட்டும்
இன்னும் முடியவில்லை.

ஹெரன்ஸ் அணியில், இந்த எழுபது வருடத்தில்
முதல் தளத்தில் நின்றவர்களில்
எவன் பெரியவன்?

டோய்வோ லாட்டினென், என்கிறான் வெல்டர் ஆர்ஸன்.
வேறு பேச்சே கிடையாது.
ஒரே கோடையில் முப்பத்தொன்பது ஹோம் ரன்.
ஒரு பந்து வேலி தாண்டி, தண்டவாளம் தாண்டி,
காலியாய்த் திரும்பிய தாது வண்டிக்குள் விழுந்து
சுரங்கம் வரைக்கும் போனதாம்.
(வருடா வருடம் அந்தப் பந்து
இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது.
இந்த வருடம் கனடா எல்லையைத் தொட்டுவிட்டது.)

லுவெல்லா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சத்தத்துக்கு மேல் பேசத் தெரிந்தவள்.
அடிக்க யாரும் வரலாம், ஆர்ஸன்.
முதல் தளத்தில் வேலை, வருவதை வாங்குவது.
டெல்பர்ட் கேய்ன்ஸ்.
ஒரு காலைத் தளத்தில் ஊன்றிக்கொண்டு
உடம்பை நீட்டினான் என்றால்
பாதி வழியிலேயே பந்துக்கு
வீடு வந்த நினைப்பு வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்கிறாள்:
முதல் வருடம் ஊர் விடுதியில் அவனுக்கு அறை இல்லை.
இருந்தது. அவனுக்கு இல்லை.
எங்கள் அடுப்படியில் பாய் மாதிரி ஒரு மெத்தை,
ஆறடி நான்கங்குல ஆள்,
கால் இரண்டும் கதவுக்கு வெளியே.
அப்படித் தூங்கி எழுந்து
மதியம் அவ்வளவு தூரம் நீட்டினான்.
அதையும் உன் சராசரியில் சேர்த்துக்கொள்.

அது வேறு கணக்கு, என்கிறான் ஆர்ஸன்.
எதிலிருந்து வேறு?
ஆர்ஸன் ஒரு கடலையை உடைக்கிறான்.
உள்ளே எதுவும் இல்லை.
இன்னொன்றை எடுக்கிறான்.

பிறகு இருவரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.
நீ சொல், இர்மா. எழுதினவள் நீதானே.

எழுதினேன். இருபத்திரண்டு கோடை,
கூரை ஒழுகும் பெட்டிக்குள் உட்கார்ந்து,
ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி.
தடுப்பாட்டக்காரன் ஆறு, முதல் தளம் மூன்று.
ஆறு, கோடு, மூன்று: ஒருவன் அவுட்.
தப்பாய் எறிந்தால் அதற்கொரு கட்டம்.
தப்பைத் தப்பாகாமல் பார்த்துக்கொண்டவனுக்குக்
கட்டம் இல்லை.

கேய்ன்ஸுக்கு முட்டி போன கோடையில்
காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார்கள்.
வெண்டல் ஸ்கார். ஒப்புக்குச் சப்பாணி.
மட்டையைப் பிடித்தால் கொசு விரட்டுகிற மாதிரி இருக்கும்.
அதே கோடையில்தான் நிக்கோ பர்ராகானுக்கு,
பத்தொன்பது வயது, ஆறாம் எண்,
எறிகிற கை மறந்து போயிற்று.
ஒரு பந்து எகிறி, முன்வரிசையில்
ஒரு குழந்தையின் காதை உரசிப் போனதிலிருந்து
எல்லாவற்றையும் மண்ணில்தான் எறிந்தான்.
ஸ்கார் அள்ளினான்.
குனிந்து, புழுதியோடு, முகத்தைத் திருப்பாமல்,
விழுந்த சில்லறையைப் பொறுக்குகிறவனைப் போல.
எழுந்ததும் பையனைப் பார்க்க மாட்டான்.
பார்த்திருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

நான் எழுதினேன்: ஆறு, கோடு, மூன்று.
ஆறு, கோடு, மூன்று.
காகிதத்தைப் பார்த்தவனுக்குப்
பையன் வைரம்.
ஆகஸ்டுக்குள் கையும் அதை நம்பிவிட்டது.
இரண்டு வருடத்தில் பெரிய அணிக்குப் போனான்.
ஸ்கார் திங்கட்கிழமை அலுவலகம் போனான்.

ஸ்கார், என்றேன்.

எந்த ஸ்கார்? என்றான் ஆர்ஸன்.
அந்தக் காப்பீட்டுக்காரனா? என்றாள் லுவெல்லா.
சிரித்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.
அந்த இரவு முழுக்க
அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.
ஹெய்க்கி விளக்கை ஒவ்வொன்றாய் அணைத்தான்.

வீட்டில் அந்த வருடத்துப் புத்தகம் இருக்கிறது.
மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில், சில இடங்களில்,
பென்சிலால் ஒரு புள்ளி.
விதிப்புத்தகத்தில் அப்படியொரு குறி கிடையாது.
ஈ எச்சம் என்று நினைத்திருப்பார்கள்.
நாற்பத்து மூன்று.