மிகு

பாலத்தின் மேலே அல்ல, அடியில்தான் நிறுத்தச் சொல்வார்.
பதினேழு வருடமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறேன்.
முதலில் சேறு அப்பிய லேண்ட்ரோவர்,
அப்புறம் கொடி கட்டிய கறுப்புக் கார்.
பின்சீட்டில் அந்தக் கான்வாஸ் பை மட்டும் மாறவில்லை:
ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ் டப்பா,
பிடி வழுவழுத்துப்போன அரைக்கிலோ சுத்தியல்.

லுரேமா ஆற்றின் இரும்புப் பாலம்
போரில் இடுப்பொடிந்து கிடந்தது.
நிமிர்த்தியவர் அவர்.
கப்புலானாத் துணியை முழங்கால்வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு
ரிவெட் ரிவெட்டாகத் தட்டுவார்.
'ணங்' என்றால் சரி.
'தொப்' என்றால் அதைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம்.
முந்திரி விற்கிற பையன்கள்
விற்பதை மறந்து வேடிக்கை பார்ப்பார்கள்,
இரும்புக்கு நாடி பார்க்கிற பெண்பிள்ளையை.
பலகை எழுத வந்த பெயிண்டர் கேட்டான்:
முப்பது டன்னா, முப்பத்தைந்து என்று போடவா?
ஐந்தை நீ தூக்கிக்கொள்வாயா, என்றார்.
முப்பது என்றே எழுதினான்.

அப்போது அவர் எஞ்சினியர் எர்மெலிண்டா.

மாம்பழம் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது மபுட்டோவிலிருந்து.
மூன்று ஆமாம், ஒரு நன்றி.
கை முழுக்கப் பிசுக்கு.
கண்ணாடியை இறக்கு ஜெரோனிமு, என்றார், காற்று வரட்டும்.

மறுநாள் முதல் மாண்புமிகு.
மாண்பு அவரிடம் முன்பே இருந்தது.
அந்த 'மிகு'தான் புதிது,
அதை எந்தத் தூண் தாங்குமென்று
யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

முதல் வருடம் பதினோரு பாலங்கள்.
கடல் மணலைக் கலந்த கான்ட்ராக்டர்
காரின் பின்னாலேயே ஓடி வந்தான்.
நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

இரண்டாம் வருடம் மரக்காரர்கள் வந்தார்கள்.
ஒரு லாரி நாற்பத்தெட்டு டன்.
மாண்புமிகு அம்மா, பாலத்துக்குப் பாதுகாப்புக் காரணி
என்று ஒன்று உண்டாமே, நீங்களே எழுதியிருக்கிறீர்களே?
அன்று திரும்பும் வழியில் அவரே பேசிக்கொண்டார்:
வெள்ளத்துக்கும் துருவுக்கும்
எனக்குத் தெரியாததற்கும் சேர்த்து
கொஞ்சம் இடம் விட்டுவைத்தேன்.
அதில் குடித்தனம் வரப் பார்க்கிறார்கள்.

இரண்டு முறை கோப்பைத் திருப்பினார்.
மூன்றாம் முறை கையெழுத்துப் போட்டார்.
லஞ்சம் என்றால் சொல்ல எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.
இல்லை.
மலைப்பக்கம் ஆஸ்பத்திரிச் சாலைக்குப் பணம் முடங்கிக் கிடந்தது;
அது நகர வேண்டுமானால் இது நகர வேண்டும்.
சாலை வந்தது.
அதில் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பாலம் விழவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.
பலகையில் மூன்றை நான்காக்கி,
சைபரை எட்டாக்கி
பெயிண்டர் சம்பளம் வாங்கிப் போனான்.
பத்திரிகைகள் துணிச்சல் என்று எழுதின.

ஆனால் மாதம் ஒரு ராத்திரி
நானூறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்வார்.
கொடியைக் கழற்றி உள்ளே வைப்பேன்.
தண்ணீரில் இறங்கி, டார்ச்சை வாயில் கவ்வி,
தட்டக் கை ஓங்குவார்.
தலைக்குமேல் ஒரு லாரி.
அது போகட்டும் என்று நிற்பார்.
அடுத்தது.
அதற்கும் பின்னால் விளக்குகள், விளக்குகள், விளக்குகள்.
போன மாதம் விடியும்வரை நின்றோம்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே
ஒரு தட்டுக்கு இடம் கிடைக்கவில்லை.
தட்டாமலே வட்டம் போடத் தொடங்கினார்.
சாக்பீஸ் தீர்ந்தது.

நாளை மந்திரிசபை எத்தனை மணிக்கு?
ஒன்பதுக்கு.
பையை என்னோடு எடுத்து வா.

வாசலில் காவலர் சுத்தியலைத் தூக்கிக் காட்டி
என்ன இது என்றார்.
ஸ்டெதாஸ்கோப், என்றேன்.
என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்,
ஈரம் காயாத அவர் செருப்பைப் பார்த்தார்.
விட்டுவிட்டார்.

உள்ளே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது.
டிரைவர்கள் வெளியேதான்.
இன்ஜினை அணைத்தேன். ரேடியோவை அணைத்தேன்.
கண்ணாடியை இறக்கிவிட்டுக்
காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.