குடும்பப்பெயர்

விண்ணப்பத்தின் இரண்டாம் கட்டத்திலேயே
வண்டி நின்றுவிடும்.
முதல் பெயர்: தமயந்தி.
குடும்பப்பெயர்: கட்டாயம், சிவப்பு நட்சத்திரம்.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது.
அப்பாவைத் தூக்கி அதில் உட்காரவைத்தேன்.

அன்றிலிருந்து கடல் தாண்டி வருகிற பதிலெல்லாம்
"அன்புள்ள முனைவர் சின்னப்பையன்" என்றுதான் தொடங்குகிறது.
முப்பது வருடம் வெள்ளைக்கல் லாரி ஓட்டியவர்,
ஊர்ப் பலகைகளைத் தவிர வேறு வாசித்தறியாதவர்,
ஒன்பது பேராசிரியர்களால்
மிகுந்த வருத்தத்தோடு நிராகரிக்கப்பட்டிருக்கிறார்.
எழுதியது நாற்பத்தொரு பேருக்கு.
மற்றவர்கள் வருத்தப்படவும் இல்லை.
"இன்னிக்கு யாரு என்னை வேண்டாம்னாங்க?"
கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

என் ஆராய்ச்சி கற்பாசி.
லீ பஜாரில் கிலோ கணக்கில் கிடைக்குமே,
பிரியாணிக்குப் போடுவதுதானே என்கிறார் வீட்டுக்காரம்மா.
அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வையுங்கள்.
சேர்வராயன் பாறையில் ஒட்டிக்கொண்டு
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல்
காற்றில் வந்து போனதையெல்லாம்
கணக்கெழுதி வைத்திருக்கும்.
பதினோரு பாறை, ஆறு வருடம்,
அளவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ரூபாய் நாணயம்.
அதைத் தொலைத்துவிட்டு வேறு மாற்றிய வருடமும் உண்டு.

அந்தப் பல்கலைக்கழகம் பெரியது.
உள்ளேயே பஸ் ஓடுகிறதாம்.
தாவரவியலுக்கு மட்டும் மூன்று கட்டடம்.
வரைபடத்தை விரித்து விரித்துப் பார்க்கிறேன்,
ஐந்து ரோட்டில் நின்று
ஆறாவது ரோட்டைக் கேட்பவளைப் போல.
எனக்கு வேண்டியது அதில்
ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, இரண்டு வருடம்.
மூன்றாம் வருடம் நிதியைப் பொறுத்து.
பாசிக் கணக்கில் இது
நகக்கண் அழுக்கின் அகலம்.

வயது முப்பத்தைந்துக்குள் என்கிறது ஓரிடம்.
பட்டம் வாங்கி நான்கு வருடம் தாண்டக்கூடாது என்கிறது இன்னொன்று.
இங்கே மணிக்கணக்குச் சம்பளத்தில்
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வேரும் தண்டும் நடத்துகிறேன்.
மே மாதம் சம்பளம் கிடையாது,
மே மாதத்தில் நான் கிடையாது.

சனிக்கிழமை ஏற்காடு பஸ்.
பதினான்காம் கொண்டை ஊசியில் அறுந்த சிக்னல்
இருபதாவதில் திரும்பியபோது
ஒரு கடிதம் இறங்கியது.
"அன்புள்ள சின்னப்பையன்,
உங்கள் பாறைகள் பிடித்திருக்கின்றன.
பணம் இன்னும் உறுதியில்லை.
வியாழன் பேசலாமா?
உங்களுக்கு அப்போது இரவு பதினொன்றரை."
பக்கத்து சீட்டுக் குழந்தை
பாலித்தீன் பைக்குள் குமட்டிக்கொண்டிருந்தது.
தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு
இன்னொரு முறை வாசித்தேன்.

ஏழாம் பாறை.
பனி விலகும்வரை குந்தியிருந்து அளந்தேன்.
புள்ளி ஆறு.
போன வருடமும் புள்ளி ஆறு.

ராத்திரி சொன்னேன்:
"வியாழக்கிழமை உங்ககிட்ட பேசணுமாம்."
சோற்றில் கை அப்படியே நின்றது.
"என்னத்தைப் பத்தி?"
"பாறையைப் பத்தி."
"கல்லைப் பத்தின்னா
நானே பேசிடுவேனே" என்றார்.
"கரண்ட் மட்டும் போகாம இருக்கணும்."