பதினாறாம் நிமிடம்

மகாளிக்கிழங்கின் வாசம்
எங்கள் மெஷினில் பதினாறாம் நிமிடம் வரும்.
அதுவரை கோடு படுத்தே கிடக்கும்
கொண்டலாம்பட்டி பைபாஸ் மாதிரி.
பிறகு திடீரென்று ஒரு குன்று.

நாகலூருக்கு மேலே பாறை இடுக்கில்
அண்டியப்பன் கடப்பாரை போட்டு எடுத்த வேர் அது.
துணிப்பையில் முடிந்து மடியில் வைத்திருந்தேன்.
இருபது கொண்டை ஊசியும் பஸ் இறங்குவதற்குள்
பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார்,
மூட்டைப்பூச்சி நசுக்கினாப்பல இருக்குதாம்.
பின் சீட்டுப் பெண்ணோ குனிந்து கேட்டாள்:
தயிரில் போடத்தானே? கிலோ என்ன விலை?

என்னுடையது பாட்டிலில் வளர்ந்தது.
இருபத்தைந்து டிகிரி. பதினாறு மணி நேர வெளிச்சம்.
சர்க்கரை கலந்த அகார்.
எறும்பு தெரியாது, வெயில் தெரியாது,
வேர், வெந்த சேமியாவின் வெள்ளை.
அரைத்து, வடித்து, ஊசியில் ஏற்றினேன்.
பதினாறாம் நிமிடம் வந்தது,
போனது.
கோட்டில் ஒரு கொசுக்கடித் தடிப்பு.

சாம்பிளைக் கூட்டு என்றார் கைடு.
கூட்டினேன். சொறிந்த கொசுக்கடி.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்
ஏசி நின்ற இரவுக்குப் பின்
பதினோரு பாட்டிலில் பூஞ்சை.
நோட்டில் சிவப்பு மையால் எழுதி
ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டவேண்டும்,
மூடியைத் திறக்கக் கூடாது.
ஏழாம் பாட்டிலின் மூடி
தானாகவே தளர்ந்திருந்தது
என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அறை முழுக்க நாகலூர்.

இல்லை, நாகலூர் இல்லை.
அதில் கல்லும் கொஞ்சம் இருந்தது.
இது கூர்மையாக, பதற்றமாக,
இருட்டில் கால் தட்டியதும்
யாரது என்று கேட்கும் குரலைப் போல.

மெஷினில் போட்டேன். குன்று பாதி எழுந்தது,
கூடவே பேர் பொருந்தாத மூன்று மேடுகள்.
பூஞ்சையை அளவாகக் கொடுத்துப் பார்க்கலாம்
என்று கைடு உற்சாகமானார்.
அளவாக.
அந்தச் சொல்லை மதியச் சாப்பாட்டில்
நெடுநேரம் மென்றுகொண்டிருந்தேன்.

மீதிப் பத்தில் மூன்று பிழைத்தன,
கழுவி, தேங்காய் நாரில் வைத்து
யாரிடமும் சொல்லாமல்
சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிப் போனேன்.
அண்டியப்பனுக்கும் என் வயதுதான்.
எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற நாளில்லாமல்
மற்ற நாளெல்லாம் வேர் தோண்டுகிறவன்.
அந்தச் சரிவில் இன்னும் ஒன்பது கொடி என்றான்,
எண்ணிச் சொன்னவன் முகத்தை நான் பார்க்கவில்லை.
அவன் தோண்டியதில் ஒன்று என் பையில் வந்ததுதானே.

மூன்றையும் அவனே நட்டான்.
வேர் பருக்க வருஷமாகும், வாசத்தைப் பற்றி
இப்போது யாரும் எதுவும் சொல்வதற்கில்லை.

நேற்று போன் செய்தான்:
ஆடு ஒண்ணு கிட்ட வந்துச்சுங்க,
மோந்து பாத்துச்சு,
தும்மிட்டுப் போயிருச்சு.

நோட்டைத் திறந்துவைத்திருக்கிறேன்.
எத்தனையாம் நிமிடம் என்று
அவன் பார்க்கவில்லையாம்.