எஃப், இரண்டு கோடு

தார்த்துவில் மார்ச் கடைசி.
எமயோகி ஆற்றில் பனிக்கட்டி உடையும் காலை
வருடத்தில் ஒன்றுதான்.
மாவட்டப் பத்திரிகைக்கு அந்தப் படம் வேண்டும்.

லீவிகா பாலத்தில் நிற்கிறாள்.
முந்தின இரவு கேமரா கேட்டிருந்தது:
புதிய மென்பொருள் வந்திருக்கிறது, ஏற்கலாமா?
தூக்கக் கலக்கத்தில் சரி என்றாள்.

இப்போது திரையில்
எஃப் பக்கத்தில் எண் இல்லை,
இரண்டு சிறு கோடு.
நான்கு வருடம் அதே உடம்பில் குடியிருந்த லென்ஸை
யார் நீ என்கிறது கேமரா.
கழற்றினாள், பித்தளைப் புள்ளிகளைத் துடைத்தாள்,
மாட்டினாள்.
க்ளிக்கென்று பூட்டுகிறது. வளையத்துக்கு அடையாளம் தெரிகிறது.
மேலே இருக்கிறவனுக்குத்தான் தெரியவில்லை.

கீழே ஆறு
பெருஞ்சத்தத்தோடு இரண்டாகி
அவளுக்காகக் காத்திராமல் போய்விட்டது.

வாடிக்கையாளர் சேவையில் ரைகோ, மரியாதையான பையன்.
"வேறு கம்பெனி லென்ஸ் வேலை செய்யும் என்று
பெட்டியில் எங்கும் போடவில்லையே, மேடம்."
செய்யாது என்றும் போடவில்லையே.
"எங்கள் லென்ஸே ஒன்று இருக்கிறது…"
அந்த விலைக்கு அவள் காருக்கு
நாலு பனிக்கால டயரும் ஒரு கியர்பெட்டியும் வரும்.
பழைய மென்பொருளுக்குத் திரும்ப முடியுமா?
கொஞ்ச நேரம் இசை போட்டார்கள்.
முடியாதாம்.

என் கேமரா என்கிறோம்.
நடுவில் ஓர் 'உடைய' தொக்கி நிற்கிறது,
கண்ணுக்குத் தெரியாமல்.
ராத்திரி யாரோ வந்து
அதை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.
கேமரா இருக்கிறது. அவளும் இருக்கிறாள்.

ஜூனில் தாலினில் விசாரணை.
நுகர்வோர் தகராறுக் குழு: மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குடுவை.
'பொருத்தம்' என்ற சொல்லை
நிறுவனத்து வக்கீல் பதினோரு தடவை சொன்னார்,
ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி.
தலைவி ஹெல்வே கேட்டார்:
இப்போது அது என்னதான் செய்கிறது?

லீவிகா பையிலிருந்து செலோடேப் எடுத்தாள்.
லென்ஸின் ஒன்பது புள்ளிகளையும் மூடி ஒட்டினாள்.
முன்னால் கண்ணாடி இருப்பதே
இனி கேமராவுக்குத் தெரியாது.
தெரியாததை மறுக்கவும் தெரியாது.
கையால் திருகி, மூச்சை நிறுத்தி,
ஒன்று.

படத்தில் வக்கீல் கலங்கல்.
குடுவை மட்டும் துல்லியம்,
அதன் வயிற்றில் ஜன்னலும் குழுவும் தலைகீழாக.

தீர்ப்பு தொண்ணூறு நாளில் வருமாம்.
பில்லை மடித்து வைத்தாள்:
வாங்கியவர் என்ற இடத்தில் அவள் பெயர், நீல மையில்.

பேருந்து நிலையத்தில் கேமரா மறுபடி கேட்டது:
புதிய மென்பொருள் வந்திருக்கிறது.
இப்போதா, பிறகா?

வேண்டாம் என்பதற்கு
அவள் தேடிப் பார்த்தாள்,
பொத்தான் வைக்கவில்லை.