தையல் போடாத அங்கி

ஸ்வானேத்தி மலையில் வீட்டுக்கு ஒரு கல்கோபுரம்.
பனிச்சரிவுக்குப் பயந்து கட்டியது
என்று வெளியூராரிடம் சொல்வோம்.
பொய்யில்லை. பாதி உண்மை.
மீதிப் பாதி, பக்கத்து வீட்டுக்குப் பயந்து.

ஐந்து தட்டு. தட்டுக்கு ஓர் ஏணி.
ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.
அப்படி இழுத்துக்கொண்டு
பதினோரு மாதம் இருந்தேன்
பத்தொன்பது வயதில்,
மேல்வீட்டு கோச்சாவைச் சுட்ட பிறகு.

எதற்குச் சுட்டேன்?
மாவரைக்கும் ஆலைக்குப் போகிற வாய்க்காலில்
ஒரு பலகை. அதை யார் அடைத்தது என்று ஒரு பேச்சு.
அவ்வளவுதான்.
இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை
நாற்பது வருஷமாகத் தேடுகிறேன்.

சுட்ட கைக்குரியவன் தலை போதும்,
மற்றவர்கள் நடமாடலாம்
என்று சொல்லியனுப்பியிருந்தார்கள் மேல்வீட்டார்.
அண்ணன் ஜன்சுக் நடமாடினான்.
கயிற்றுக் கூடையில் வாற்கோதுமை ரொட்டி,
பாலாடைக்கட்டி, வெந்தயம் இடித்த உப்பு.
ஒரு நாளும் திட்டியதில்லை.
திட்டியிருக்கலாம்.

மாசி மாதம் எனக்கு இருமல் கண்டது.
இருமல் கல்லைத் தாண்டிக் கேட்டிருக்கும்போல.
ஓர் இரவு ஏணியை இறக்கச் சொல்லி ஏறி வந்தான்.
‘உன் அங்கி எலி கடித்தது,
என்னுடையதைப் போட்டுக்கொள்’ என்றான்.
அவனுடையது தடித்த ஆட்டுத்தோல்.
சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.
சந்தோஷமாக,
அதை எழுதாமல் விடக் கூடாது.

விடியலில் சுவர்த் துளையில் கண்ணை வைத்தால்
என் அங்கி
பனியில் தனியாக நடந்துபோகிறது,
மேல்வீட்டை நோக்கி.
கறுப்புத் தோல் ஒட்டுப்போட்ட முதுகு,
ஊரே அறிந்த என் முதுகு.
நானோ உள்ளே இருக்கிறேன்.
தொப்பி புருவம்வரை. இரண்டு கையும் வெறுங்கை,
உடம்பைவிட்டு விலகி விரிந்திருக்கின்றன.

ஒரே சத்தம். மலை அதை
இரண்டு முறை திருப்பிச் சொன்னது.

ஓடிவந்து புரட்டிப் பார்த்தார்கள். முகம் வேறு.

கோச்சாவின் தாய் மக்வாலா இறங்கி வந்தாள்.
வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்தாள்.
பிறகு தன் துக்கத்து முக்காட்டை அவிழ்த்து
மகன்களின் துப்பாக்கிகளுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே
பனியில் விரித்தாள்.
எங்கள் பக்கத்தில் ஒரு பெண் போட்ட முக்காட்டை
எந்த ஆணும் தாண்டுவதில்லை.

கோபுரத்தடியில் நின்று என்னைப் பேர்சொல்லிக் கூப்பிட்டாள்:
‘பிமுர்சா, ஏணியை இறக்கு.
உன் கடன் கொடுத்தாயிற்று.’

ஏணியைத் தொட எனக்கு மூன்று நாள் ஆனது.

எங்கள் கோயில் சிறியது; குனிந்துதான் நுழைய வேண்டும்.
சுவர்ச் சித்திரத்தில் ஆண்டவரின் முகத்தை
ஈரம் தின்றுவிட்டது.
ஒரு கையும், குத்துண்ட விலாவும் மிச்சம்.
கர்த்தர் நம் கோட்டை என்று பாதிரியார் வாசிக்கும்போது
மற்றவர்கள் கல்லை நினைக்கிறார்கள்.
எனக்குத் தெரிவது
மறைவில்லாத பனியில் போன ஒரு முதுகு.

அவனையும் காத்திருக்கலாமே என்று
நாற்பது பெரிய வெள்ளி கேட்டாயிற்று.
கொஞ்சம் சண்டையாகவும் கேட்டிருக்கிறேன்.
பதில் வரவில்லை. அந்த விலாவை மட்டும்
சுவர் இன்னும் உதிர்க்காமல் வைத்திருக்கிறது.

அந்த அங்கியை மக்வாலாதான் ஆற்றில் அலசித் தந்தாள்.
இரத்தம் போயிற்று. துளை இருக்கிறது,
இடப்பக்கம், கட்டைவிரல் நுழையுமளவு.
குளிர்காலம் தொடங்கும்போதெல்லாம்
மகள் எலிசோ ஊசி நூலோடு வருவாள்.
விடு என்பேன்.
காற்று அதன் வழியே நேராக நெஞ்சுக்கு வரும்.
மற்ற இடமெல்லாம் கதகதப்பு.
நாற்பது குளிருக்கு இதுதான் தாங்கியது.

இன்று காலையும் இதைப் போட்டுக்கொண்டுதான்
மேல்வீட்டுக்கு விறகு சுமந்துபோனேன்.
அன்றைக்குச் சுட்டவனுக்கு இப்போது கண் தெரியாது.
என் காலடி கேட்டதும்
குரைக்கிற நாயை அதட்டினான்.