வீதியிலிருந்து வான் தெரியக் கூடாது

நாற்பத்தொரு பக்கம்.
ஓடு கரிச்சாம்பல், அல்லது அதைவிடக் கறுப்பு.
முன்வேலி கிடையாது.
தபால்பெட்டி வீட்டின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும்.
உடுப்புக் கொடி ஒருவர் கண்ணிலும் படக் கூடாது.
தொண்ணூறு நாளுக்குள் முன்முற்றத்தில் புல் முளைத்திருக்க வேண்டும்;
புல்லுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

டார்னீட்டுக்கு அப்பால், மெல்பேர்ண் முடிகிற இடம்.
விற்பனைக் கொட்டகையில் கோப்பி நல்லாயிருந்தது.
சுவரிலிருந்த வரைபடத்தில் அந்தப் பெண்
எங்கள் காணிக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.
"எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்.
பக்கத்து வீட்டுக்காரன் ஊதா அடித்தால்
விழுவது உங்கள் விலைதானே?"
தலையாட்டினோம்.
ஊதா அடிக்கப்போகும் அந்த அயோக்கியனை
எங்களுக்கு அப்போதே பிடிக்கவில்லை.

முப்பத்தேழாம் பக்கம், எட்டாம் நிபந்தனை.
லோயர் ஜனின் தொலைபேசியில் வாசிக்க வாசிக்க
நான் கேதீசனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.
"வீதியிலிருந்து வான் தெரியக் கூடாதாம்."

அவன் அண்ணாந்து பார்த்தான்,
ஒரு கணம், உண்மையாகவே.
பிறகு விளங்கிச் சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

வான் என்றால் 2011 மொடல், வெள்ளை.
கூரையில் இரண்டு ஏணி.
பக்கவாட்டில் நீல எழுத்தில் அவன் பெயர், தொழில், இலக்கம்;
பெயரின் கடைசி எழுத்து வெயிலில் உரிந்துவிட்டது.
இந்தக் குடியிருப்பின் முதலாம் இரண்டாம் கட்டத்தில்
பாதி வீட்டுச் சுவர்ப்பூச்சு அந்த வானில் வந்திறங்கியதுதான்.
மாதிரி வீட்டின் கூடத்தில்
நான் தடவிப் பார்த்து மெச்சிய மூலை
அவன் பூசிய மூலை.

கராஜுக்குள் விடலாமே, என்றாள் ஜனின்.
அளந்தோம். கதவு இரண்டு மீற்றர் பத்து.
ஏணியைக் கழற்றினாலும் வான் இரண்டு நாற்பது.
கதவை உயர்த்தினால்?
அது முகப்பு மாற்றம், நான்காம் நிபந்தனை.
நிபந்தனையையே மாற்றினால்?
மாற்றலாம், நன்மை பெறும் காணிக்காரர் எல்லாரும் சம்மதித்தால்.
இருநூற்றுப் பதினாலு காணி.
அதில் அறுபதில் இன்னும் முட்செடியும் முயலும்தான்.
முயலிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது?

நாங்கள் வைத்தோம் கையெழுத்து.
பன்னிரண்டு வருசம் வாடகை கட்டிய கை
பேனை கண்டால் நிற்காது.

பால் காய்ச்சி ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது.
கூடவே ஒரு படம்:
காலை ஆறு பத்து, எங்கள் வாசல், வான்,
ஏணியில் ஒரு மைனா.
படம் எடுத்த கோணத்தை வைத்து
எதிர்வரிசையில் மூன்று சன்னல்களைக் குறித்துக்கொண்டேன்.
ஒரு கிழமை மூன்று வீட்டுக்கும் சிரிக்கவில்லை.
பிறகு களைத்துப்போய்
மூன்று வீட்டுக்கும் சிரித்தேன்.

இப்போது அவன் வானை,
கல்லில் பெயர் வெட்டி நீர் விழவிட்டிருக்கிற
அந்த வாசலுக்கும் அப்பால்
ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து வருகிறான்.
பதினொரு நிமிசம்.
மழையென்றால் சப்பாத்திலிருக்கிற பூச்சுத்தூள்
வீடு வந்து சேருமுன் இறுகிவிடும்.

நேற்றுச் சோறு ஆறிப்போக, தேடிக்கொண்டு போனேன்.
ரயில் பாதைக் கம்பிவேலியோரம் வரிசையாய் நின்றன
ஹர்விந்தரின் டிரக்,
புல் வெட்டுகிற டொங்காக்காரரின் டிரெயிலர்,
குழாய் வேலை, கண்ணாடி வேலை,
நாய் குளிப்பாட்டுகிற இளஞ்சிவப்பு வான்.
எங்கள் தெருவில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.
இங்கே எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள்.
இளஞ்சிவப்பு வானைப் பூட்டிவிட்டு வந்த பெண்
என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.
எதிர்வரிசை, நடுச் சன்னல்.

கேதீசன் வானில் சாய்ந்தபடி
போனில் முப்பத்தொன்பதாம் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தான்.
நாங்கள் அதுவரை போகவேயில்லை:
இந்நிபந்தனைகள் 2041 டிசெம்பர் 31 அன்று காலாவதியாகும்.

"எனக்கு அப்ப அறுபத்துநாலு," என்றான்.
"வானுக்கு முப்பது. அதுவரைக்கும் இது தாங்காது."
எது என்று நான் கேட்கவில்லை.
உரிந்து தொங்கிய எழுத்தை
நகத்தால் அழுத்தி ஒட்டப் பார்த்தான்.
ஒட்டவில்லை.
பூட்டியாச்சா என்று கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.
நடந்தோம்.