அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரண்டு மேசை, ஒரு யுபிஎஸ்,
சன்னலைத் திறந்தால் பலகாரக் கடை எண்ணெய் வாசம்.
வேலை இதுதான்:
கோயில் புள்ளிக் கணக்கு முழுவதும் கணினிக்குள் போக வேண்டும்.
கல்யாணமான தலைக்கட்டு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி,
புள்ளிக்கு இவ்வளவு வரி,
கட்டியவர், கட்டாதவர், ஈப்போவிலிருந்து அனுப்பிவைத்தவர்.
வெள்ளிக்கிழமை கூட்டம். அன்று செவ்வாய்.

பைரோஸ் எல்லாவற்றையும் அவனே எழுதுவான்.
பொத்தான் வேண்டுமென்றால் பொத்தானை வார்ப்பான்,
பிறகு கதவு, பூட்டு, சாவித் துவாரம்.
"அப்பதான் நம்ம சொன்னபடி கேக்கும்."
நான் சோம்பேறி. எனக்கு ஜாங்கோ போதும்.
அட்டவணை இன்னதென்று பத்து வரி எழுதினால்
நிர்வாகப் பலகம் தானாக வந்து நிற்கும்:
சேர்க்க, திருத்த, தேட, அழிக்க,
யார் எப்போது தொட்டார்கள் என்ற வரலாறு உட்பட.

செயலாளர் அடைக்கப்பன் போனில் கேட்டார்:
"என்னமோ ஃபிரேம்வொர்க்காமே, என்ன விலை?"
"இலவசம்ணே."
"இலவசமா? அப்ப நீ எதுக்கு?"

தேநீர் ஆறும்வரை எங்கள் சண்டை.
"உன் மொழியில வரிக்கு வரி அரைப்புள்ளி," என்றேன் கடைசியாக,
"என் மொழியில ஒண்ணுகூட வேண்டாம்."
மொக்கை வாதம். ஆனாலும் ஜெயித்தது.
அது இல்லாமலும் ஓடும் என்று
அவன் முனகியது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

புதன் மதியம் பலகம் எழுந்துவிட்டது.
முதலில் பெயர்களே வரவில்லை.
புள்ளி ஆப்ஜெக்ட் ஒன்று, புள்ளி ஆப்ஜெக்ட் இரண்டு,
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு வரை
ஒரே முகத்தோடு வரிசையில் நின்றார்கள்.
இரண்டு வரி சேர்த்தேன்.
சாத்தப்பன் வந்தார். இன்னொரு சாத்தப்பன் வந்தார்.
அவர்களைப் பிரிக்க வீட்டு விலாசம் வந்தது.

வியாழன் காலை சிகப்பி அக்கா வந்தார்,
சங்கத்தில் பதிவு எழுதுபவர்.
நீல அட்டை நோட்டு மூன்று, மூக்குக்கண்ணாடி இரண்டு.
நாற்பது பெயர் தட்டினார், என்னைவிட வேகம்.
பிறகு கை நின்றது.
"ஏம்மா, அரைப்புள்ளி எங்க போடறது?"

திரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்:
"இதுல அரைப்புள்ளியே தேவையில்லைக்கா."
பைரோஸ் சிரித்தான்.
அக்கா சிரிக்கவில்லை.

"தொணை போயிட்டா அரைப்புள்ளிதானே,"
மளிகைச் சிட்டை வாசிக்கும் குரல்,
"வரியும் பாதி."

என் அட்டவணையில் அந்தக் கட்டம் முழு எண்.
ஒன்று எடுக்கும், பூஜ்யம் எடுக்கும்.
இடையில் ஆள் இருக்க முடியாது என்று
எழுதியது ஜாங்கோ அல்ல, நான்.

ஒரு சொல்லை மாற்றினேன்.
மைக்ரேஷன் ஓடி முடிய மூன்று விநாடி.
இதற்குத்தானே இதைத் தேர்ந்தெடுத்தது,
ஆட்கள் உள்ளே குடியிருக்கும்போதே
சுவரை நகர்த்திக்கொள்ள.
பெருமைப்பட நேரம் சரியில்லை.

அவர் ஒரு வரியைத் தேடித் திறந்தார்.
அதிலிருந்த விலாசமும்
நோட்டு அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் இருந்த விலாசமும்
ஒன்றென்று பிறகுதான் பார்த்தேன்.
ஒற்றை விரலால் அடித்தார்:
பூஜ்யம். புள்ளி. ஐந்து.
சேமி.

திரையின் மேலே பச்சைப் பட்டை விரிந்தது:
வெற்றிகரமாக மாற்றப்பட்டது.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு
அடுத்த பெயருக்குப் போனார்.

அந்தப் பச்சையை எப்படி எடுப்பது என்று
ராத்திரி பதினொரு மணிவரை தேடிக்கொண்டிருந்தேன்.
'பதிவானது', அவ்வளவு போதும்.
நான் கேட்கவில்லை, பைரோஸே நாற்காலியை இழுத்துப்போட்டு
எட்டு வரி எழுதிக் கொடுத்தான்,
வரிக்கு வரி அரைப்புள்ளியோடு.